துணி கட்டிய பிஞ்சுகள்

பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டியதற்காகக் கையில் அடி வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். காட்டியே தீர வேண்டுமென்றால் விரலை மடக்கி, முட்டியால் காட்ட வேண்டும். நீட்டிய விரலுக்கு நேரே இருக்கும் பிஞ்சு வெம்பி விழுந்துவிடும். திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் வளர்ந்த எனக்கு அனா ஆவன்னாவுக்கு முன்னால் வந்த பாடம் இது. இன்று நம் பேரப்பிள்ளைகள் உலகத்தையே நீட்டிய விரலால்தான் தள்ளிப் பார்க்கிறார்கள். எதுவும் வெம்பி விழுவதாகத் தெரியவில்லை.

நான் சொல்லப்போவது நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையைப் பற்றி. அது வைகாசிதான், கத்திரி வெயில் கழிவதற்கு முன்புதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. கத்திரி கழிந்த பிறகு என்று அண்ணன் இன்றைக்கும் சாதிக்கிறான். அக்காவின் மூத்த பிள்ளை பிறந்தது ஆவணியில். ஏழாம் மாதத்து வளைகாப்பு அதிலிருந்து பின்னோக்கி எங்கே வரும் என்று பஞ்சாங்கத்தை வைத்து அவனுக்கு விளக்கியிருக்கிறேன். "பஞ்சாங்கம் பாத்தாடி வெயிலு அடிக்குது?" என்பான். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

மற்ற ஊர்களில் கோடை விடுமுறைக் காலம். எங்களுக்கு அது சந்தேகக் காலம். காட்டில் வேலை கிடையாது. காய்ந்த பருத்திமார் பிடுங்கி, கொத்தமல்லி அடித்து முடிந்திருக்கும். ஆட்கள் எல்லாரும் வீட்டிலேயே இருப்பார்கள். தண்ணீர் மட்டும் இருக்காது. ஆளும் வெயிலும் அதிகமாகி, தண்ணீர் குறைந்துபோன வீட்டில் ஒருவரை ஒருவர் வேறு எப்படித்தான் பார்ப்பார்கள்?

அப்பா புழக்கடைச் சிமெண்ட் தொட்டியின் உள்பக்கம் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அது அவசரத்துக்கான தண்ணீர்; காலையில் கோடு வரை நிரப்பினால் மறுநாள் காலையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். தினமும் குறைந்தது. முதலில் அண்ணனைச் சந்தேகப்பட்டார், பிறகு பால்காரரை, பிறகு தெரு நாயை. ஒருநாள் காலை அவர் குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்த சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, திருடன் ஆம்புட்டானா?"

"கோட்டுக்கு நாலு விரக்கட கீழ போயிருக்குடா. ராத்திரி எவனோ மோந்திருக்கான்."

"அந்தா வாரான் பாருங்க உங்க திருடன்," என்று சித்தப்பா கிழக்கே கையைக் காட்டினார். சூரியன் உடைமுள் மரத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தது. "பூராப் பகலும் அவன்தான் குடிக்கான். போய்ப் பிடிச்சுக் கட்டுங்க."

அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் தொட்டியின் மேல் தகரம் போட்டு மூடினார். தகரத்தின் மேல் கல்லும் வைத்தார். கோட்டை மட்டும் அழிக்கவில்லை.

எனக்கும் அண்ணனுக்கும் வேறு வழக்கு. நாங்கள் தீப்பெட்டிப் படங்கள் சேர்த்தோம். சாத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் வழியாக ஒட்டாத புதுப் படங்கள் வரும். யானை, விளக்கு, கிளி, இரட்டை மயில் என்று வழுவழுவென்று இருக்கும், பசை வாசனை அடிக்கும். இரட்டை மயில் ஒருநாள் காணாமல் போயிற்று. நான் அண்ணனின் சட்டைப் பையைச் சோதித்தேன். அவன் என் பொன்வண்டுப் பெட்டியைச் சோதித்தான். கருவேல இலையைத் தின்று பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்த வண்டைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அந்தப் படம் கடைசிவரை கிடைக்கவேயில்லை. அறுபது தாண்டிய பிறகும் நாங்கள் ஒருவரையொருவர் முழுதாக மன்னித்துக்கொள்ளவில்லை.

இனி அம்மாவின் வழக்குக்கு வருகிறேன்.

எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒட்டினாற்போல இருந்தன. புழக்கடை இரண்டாகப் பிரிந்து, நடுவில் மார்பளவு மண்சுவர். அந்தச் சுவரை ஒட்டித்தான் அம்மாவின் தோட்டம். நான்கு வெண்டை, கொஞ்சம் கத்தரி, ஒரு பாகல், மூலையில் மஞ்சள் பூசணி. பாத்திரம் கழுவிய நீர், குளித்த நீர், அரிசி களைந்த நீர் எல்லாம் வாய்க்கால் வெட்டியதுபோல அங்கேதான் போகும். குளிக்கும்போது சோப்பை அதிகம் தேய்த்தால் "செடி குடிக்க வேணாமா?" என்று வெளியிலிருந்து சத்தம் வரும். பூசணி விதை மாசியில் போட்டது. சாம்பலில் புரட்டி வைத்திருந்த விதையில் பாதியை அம்மாவே சுவருக்கு மேலே சித்தியிடம் நீட்டினாள். ஒரே காயின் விதைதான் இரண்டு பக்கமும் முளைத்தது.

சித்தி நெட்டையானவள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நடந்தால் தலையும் தோளும் மட்டும் மிதந்து போகும். வாய் ஓயாது. கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. என் அண்ணன் பிறந்து அம்மா காய்ச்சலில் நெடுநாள் படுத்துக் கிடந்தபோது, புதிதாக வாழ வந்திருந்த சித்திதான் அக்காவைத் தூக்கி வளர்த்தாள். அக்காவுக்குத் தலை வாரியது, சோறு ஊட்டியது, பள்ளியில் கொண்டு போய் விட்டது எல்லாம் அவள். அம்மா எழுந்து நடமாடிய பிறகும் அக்கா சாப்பிடும் நேரத்தில் சுவரேறி அந்தப் பக்கம் குதித்துவிடுவாளாம்.

சித்திரையில் அக்காவை வளைகாப்புக்காக அழைத்து வந்திருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் அது பிறந்த வீட்டில் நடக்கும். வந்த அன்றே சித்தி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏத்தா, எலும்பால்ல இருக்கு. இதுல எப்படி வளையலு நிக்கும்? மொத வளையல நாந்தேன் போடுவேன், ஆமா," என்றாள். அக்கா சிரித்தாள். அம்மா அடுப்பில் எதையோ கிளறப் போய்விட்டாள். முதல் வளையலைப் பிள்ளை பெற்றவள்தான் போட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சித்திக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டாள். அவளுக்கு அந்தக் கோடையில் வேண்டியது அது ஒன்றுதான்.

அதற்கு இரண்டொரு நாளில் எங்கள் பூசணியில் மூன்று பிஞ்சு இறங்கியது. கோலிக்குண்டு அளவு, மேலே பூ இன்னும் விரியாத மொட்டு. சித்தி சுவருக்கு மேலிருந்து பார்த்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்கிட்டு வாங்க! ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்தா எலைக்கடியில பாருங்க!"

விரல் நன்றாக நீண்டிருந்தது. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

மூன்றும் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தன. கொடியில் முதலில் வரும் பிஞ்சுகள் அந்த வெயிலுக்கு நிற்காது என்பதை அம்மா அறியாதவள் அல்ல. முந்திய கோடைகளிலும் விழுந்திருக்கின்றன. ஆனால் அப்போதெல்லாம் யாரும் விரல் நீட்டியதை அவள் பார்த்ததில்லை.

அடுத்த பிஞ்சு தலைகாட்டியதும் அம்மா அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்தாள். சின்னச் சின்னப் பையாகத் தைத்து, பிஞ்சையும் அதன் தலையில் இருந்த மொட்டையும் சேர்த்து உள்ளே விட்டு, காம்பில் நூலால் கட்டினாள். புதிதாக இறங்குகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பை. விடியலில் எழுந்து, சித்தி வீட்டுக் கதவு திறப்பதற்குள் கட்டி முடித்துவிடுவாள். எனக்கு நூல் பிடிக்கிற வேலை. பை கட்டிய பிஞ்சும் விழுந்தது. பையைப் பிரித்தால் உள்ளே கூழாக இருக்கும், புளித்த வாசனை வரும். அம்மா அடுத்ததற்கு இன்னும் கெட்டியான துணி எடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தியின் கொடி திறந்த வெளியில் கிடந்து காய்த்தது. ஒளிவு மறைவு கிடையாது. காலை வெயிலில் அவள் பக்கத்துப் பூக்களில் வண்டுகள் இரைந்துகொண்டிருக்கும்.

"ஒரே வெத," என்றாள் அம்மா அப்பாவிடம். "அங்க காய்க்குது, இங்க அழுகுது. எப்படியாம்?"

"அங்கிட்டு மண்ணு நல்ல மண்ணா இருக்கும்."

"நடுவுல ஒரு சொவருதான இருக்கு. மண்ணு அதுக்குள்ள மாறிருமாக்கும்?"

அப்பாவுக்குத் தொட்டிக் கவலை. அவர் போய்விட்டார்.

ஒருநாள் சித்தி எங்கள் பக்கம் எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "என்னக்கா இது, புள்ள வரம் கேட்டுக் கோயில் மரத்துல தொட்டிலு கட்டுன மாதிரி வரிசையாக் கட்டி வச்சிருக்கீக? நான் கட்டுனதே இம்புட்டு இருக்காது."

அவள் தன்னைத்தான் கேலி செய்துகொண்டாள். இப்போது எழுதும்போது அது எனக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. அன்று அம்மாவின் முகத்தைப் பார்த்து, சித்தி ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பையைப் பார்த்தாள், எண்ணினாள், பிள்ளையோடு சேர்த்துப் பேசினாள் என்று அம்மா அன்று மாலை அத்தனையையும் வரிசைப்படுத்தி அக்காவிடம் சொன்னாள். "நீ கொஞ்ச நாளைக்கி அங்கிட்டுப் போகாத. அவ எதுக்க நிக்காத."

"சித்தியையாம்மா சொல்றீக?"

"சித்திதான். கண்ணு என்ன, வேணும்னா படுது? அதுபாட்டுக்குப் படும்."

அக்கா சுவர்ப்பக்கம் போவது குறைந்தது. சித்திக்குக் காரணம் சொல்லப்படவில்லை. அவள் தன் முதல் காயை வெட்டி, பெரிய பாதியைச் சுவர் மேல் வைத்துவிட்டு, "புள்ளத்தாச்சிக்குக் கூட்டு வச்சுக் குடுங்க," என்று சொல்லிப் போனாள். அம்மா "சரித்தா" என்று வாங்கிக்கொண்டாள். அது அப்படியே மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. மாடு சுவைத்துத் தின்ற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

நடுவில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். போன கோடையில் என் மொட்டை மாடியில் ஒரு பூசணி வைத்தேன். அணில் தொல்லைக்காகப் பிஞ்சுகளைக் கொசுவலைத் துணியில் பை தைத்துக் கட்டினேன். எல்லாம் வெம்பின. நாற்று விற்கிற பெண்ணிடம் புலம்பினேன். "பூவையும் சேத்தா கட்டுனீங்க? அப்புறம் வண்டு எங்குட்டுப் போயி உக்காரும்? பூ விரிஞ்சு வாடுனப்புறம் கட்டுங்கம்மா," என்றாள். ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, நடுவில் வண்டு என்று நானும்தான் எத்தனையோ புத்தகத்தில் வாசித்திருக்கிறேன். வீடு திரும்பும்போதுதான் அம்மா கிழித்த வேட்டி நினைவுக்கு வந்தது. முதல் மூன்றை விட்டுவிட்டால், எங்கள் புழக்கடையில் பிஞ்சைக் கொன்றது விரலும் இல்லை, கண்ணும் இல்லை. கண் படாமல் இருக்கக் கட்டிய துணி. சந்தேகம் கூடக் கூட அம்மா துணியைக் கெட்டியாக்கினாள். துணி கெட்டியாகக் கெட்டியாகச் சந்தேகத்துக்குச் சாட்சி கிடைத்துக்கொண்டே இருந்தது.

வளைகாப்பு நாள் வந்தது. அக்காவின் மாமியார் வீட்டார் வருவதால் ஏழு வகைச் சோறும் குழம்பும் உண்டு. குழம்புக்குப் பூசணி வேண்டும், வீட்டுக் கொடியில் ஒரு காய்கூட இல்லை. அம்மா முதல் நாள் மாலை சித்தியைத் தானாகவே கூப்பிட்டாள். பல நாள் கழித்துக் கூப்பிட்ட குரலில் ஒரு குழைவு இருந்தது.

"நரிக்குடியில என் அண்ணன் வீட்டுத் தோட்டத்துல காயி நெறையாக் கெடக்காம். காலைல மொத பஸ்ஸுக்குப் போயி, நல்ல காயாப் பாத்து எடுத்துட்டு வந்துருத்தா. உனக்குத்தேன் பாத்து எடுக்கத் தெரியும்."

சித்தியின் கொடியில் அப்போது நான்கு காய் கிடந்தது. இருவருக்கும் நடுவில் இருந்த சுவரருகே நின்றே அவற்றைப் பார்க்கலாம். சித்தி ஒருமுறை தன் கொடியைப் பார்த்தாள், ஒருமுறை அம்மாவைப் பார்த்தாள்.

"திரும்பி வார பஸ்ஸு சாயங்காலம்லக்கா?"

"மத்தியானம் ஒண்ணு வருதுன்னு சொன்னாக."

"சொன்னாகளா. சரி, போயிட்டு வாரேன்."

மத்தியானப் பஸ் என்று ஒன்று கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளான எங்களுக்கே அது தெரியும்.

காலையில் பந்தலில் கூட்டம் சேர்ந்தது. வளையல்காரர் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார். அக்காவை மனையில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். அக்கா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"சித்தி எங்கம்மா?"

"வந்துருவா. நீ கைய நீட்டு."

அக்கா கையை நீட்டினாள். நீட்டிய கை மூடியிருந்தது. கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக்கிய முட்டி. பெரிய அத்தை ஒருத்தி வளையலைக் கொண்டு வந்தாள், அது விரல்கணுவிலேயே நின்றது.

"கையத் தொள விடு தாயி," என்றார் வளையல்காரர். "பூ மாதிரி வச்சாத்தேன் ஏறும். ஒடஞ்சா ஆகாது பாத்துக்க."

அக்கா யாரையும் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்றும் பேசவில்லை. குனிந்து தன் முட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "பொண்ணுக்கு என்ன கோவம்?" என்று ஒரு குரல் கேட்டது. அப்பா அம்மாவின் அருகில் வந்து, "எங்க அனுப்புன அவள?" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அம்மா வெளியே நடந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். ரோடு வெள்ளையாகக் கொதித்தது. புளியமரத்து நிழலில்கூட நிற்காமல் அம்மா நடுவெயிலில் நின்று நரிக்குடிப் பக்கம் பார்த்தாள். வராத பஸ்ஸுக்கு அவள் ஏன் அப்படி நின்றாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உள்ளே போக முடியாமல் நின்றிருப்பாள்.

அப்போது கரிமூட்டை லோடு ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. சித்தி முன்பக்கத்திலிருந்து இறங்கினாள். நெற்றியிலும் மூக்கிலும் கரி. இடுப்பில் பிள்ளையை வைத்ததுபோல ஒரு பெரிய மஞ்சள் பூசணி.

"வந்துட்டியா," என்றாள் அம்மா. "அங்க அவ கைய மூடிக்கிட்டு உக்காந்திருக்கா."

சித்தி அம்மாவையே பார்த்தாள். பிறகு காயை அம்மாவின் கையில் வைத்தாள்.

"நல்ல காயாப் பாத்து எடுக்கச் சொன்னீகள்ல. இந்தாங்க, பாத்துத்தேன் எடுத்தேன். ரெம்ப நேரம் பாத்துட்டேன். எதுக்கும் முந்தானையப் போட்டு மூடிக்கங்க."

சொல்லிவிட்டு வேகமாக முன்னால் நடந்தாள். அம்மா அந்தக் காயின் மேல் உண்மையாகவே முந்தானையை இழுத்துப் போட்டாள். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை.

பந்தலில் சித்தி முகம்கூடக் கழுவவில்லை. மனைக்கு முன் குந்தி, அக்காவின் முட்டியைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "வெரல விடுத்தா. வந்துட்டேன்ல." முட்டி அவிழ்ந்தது. முதல் வளையல் பச்சை. அதில் சித்தியின் விரல் கரி படிந்திருந்தது.  பெரிய அத்தை தொண்டையைச் செருமினாள்.

அன்று விளக்கு வைத்ததும் அம்மா மிளகாயும் உப்பும் எடுத்து அக்காவைச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பது நமக்கெல்லாம் தெரிந்த கணக்கு. நெடி வீட்டைத் தூக்கியது. அக்கா இருமினாள், அப்பா இருமினார், நான் வாசலுக்கு ஓடினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சித்தியின் இருமல் எல்லாவற்றையும் விட உரக்கக் கேட்டது. அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொளகா புதுசு. அதான்," என்றாள்.

அம்மா காலமாகிப் பல வருடமாகிறது. பூசணியைப் பற்றி அவளுக்குத் தெரியாமலே போயிற்று. சித்தி இருக்கிறாள். சித்தப்பா போன பிறகு அக்காதான் அவளைப் பாளையம்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னோடு வைத்திருக்கிறாள். நாற்றுக்காரப் பெண் சொன்னதைக் கேட்ட வாரமே டவுன் பஸ் ஏறிப் போனேன். சித்திக்கு ஒரு நியாயத்தைக் கொண்டு போகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது.

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆண்பூ, பெண்பூ, வண்டு, வேட்டித் துணி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "உங்க கண்ணு ஒண்ணும் பண்ணல சித்தி. அம்மா கட்டுன துணிதான். பூசணி மட்டும் ஒழுங்காக் காய்ச்சிருந்தா உங்கள அன்னைக்கி நரிக்குடிக்கு அனுப்பியிருக்க மாட்டாக."

சித்தி பொறுமையாகக் கேட்டாள். காது இப்போது கொஞ்சம் மந்தம். பாதியில் இரண்டு முறை "என்ன வண்டு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு என் கையைத் தடவினாள்.

"ஒனக்குக் காது குத்துன அன்னைக்கி நான் எங்க இருந்தேன், தெரியுமாடி?"

தெரியாது என்றேன்.

"திருச்சுழியில. கோயிலுக்கு நேந்த வெளக்கு, இன்னைக்கே போட்டாகணும்னு உங்கம்மா அனுப்புனா. ஒங்கண்ணனுக்கு முடி எறக்குனன்னைக்கி அருப்புக்கோட்டையில ஜவுளிக் கடையில நின்னேன். அப்பல்லாம் எந்தப் பூசணி அழுகுச்சு?"

 உள்ளே அக்கா பாத்திரத்தை வைத்துவிட்டு நின்றது சத்தத்தில் தெரிந்தது.

"வண்டு வரலேங்கிற. சரி, வரல. வந்து, கொடி பூராக் காய்ச்சுத் தொங்கியிருந்தா மட்டும் என்னைய மொத வளையலுக்குக் கூப்பிட்டிருப்பாளா, சொல்லு."